பின்வரிசைக் குரல்: பெரோஸ் காந்தியும் அவைச் சொல்லின் உரிமையும்

திருக்குறளின் அமைச்சியல் ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என்னும் இரண்டு அதிகாரங்களோடு நிறைவு பெறுகிறது. அமைச்சனாக இருப்பவன் தான் பேசப்போகும் அவையின் தன்மையை அறிந்திருக்க வேண்டும்; அறிந்தபின் அதன்முன் நடுங்காது சொல்ல வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. அது முடியாட்சிக் காலத்து அவை. சொல்வோரும் கேட்போரும் ஒரே மண்டபத்துக்குள் அமர்ந்திருந்தனர். குடியாட்சியின் அவை அத்தகையதன்று. அங்கே எழும் சொல்லை உண்மையாகவே கேட்க வேண்டியவர்கள் மண்டபத்துக்கு வெளியே, வயலிலும் ஆலையிலும் அங்காடியிலும் இருக்கின்றனர். ஆகவே அஞ்சாது பேசுவது பாதிப் பணி. பேசிய சொல் அவர்களிடம் போய்ச் சேர்வதற்கு ஒரு பாதை வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் அந்தப் பாதையைச் சட்டத்தால் அமைத்துத் தந்தவர் எந்த அமைச்சரும் அல்லர். மக்களவையின் பின்வரிசையில் அமர்ந்திருந்த, ஒருநாளும் அமைச்சராகாத பெரோஸ் காந்தி.

இன்று அவர் பெயரைச் சொன்னால் நேருவின் மருமகன், இந்திராவின் கணவர், இராஜீவின் தந்தை என்ற உறவுமுறைகளே முந்திக்கொண்டு நிற்கின்றன. ‘காந்தி’ என்ற பெயரை வைத்து மகாத்மாவோடு உறவு கற்பிப்போரும் உண்டு. அது அவருடைய பார்சிக் குடும்பத்தின் பெயர். 1912ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் பம்பாயில், கப்பல் பொறியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, அலகாபாத்தில் மருத்துவராக இருந்த தாய்வழி உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தார். 1930இல் அவர் பயின்ற கல்லூரியின் வாயிலில் கமலா நேருவும் பிற பெண்டிரும் மறியல் செய்தனர். அந்தக் காட்சி அவரைப் படிப்பைத் துறந்து போராட்டத்தில் இறங்கச் செய்தது. சிறை சென்றார். பின்னர் இலண்டனில் பயின்றார். 1942 மார்ச்சு 26ஆம் நாள் இந்திராவை மணந்தார். அதே ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இருவரும் சிறைப்பட்டனர்.

இவ்வளவும் பலரும் எழுதியவை. அவருடைய நாடாளுமன்றப் பணியை விளங்கிக்கொள்ள இவற்றைவிட இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. 1946இல் அவர் இலட்சுமணபுரியிலிருந்து வெளிவந்த ‘நேஷனல் ஹெரால்டு’ நாளேட்டின் நிர்வாக இயக்குநரானார். பின்னாளில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நிறுவனத்தின் நிர்வாகத்திலும் இருந்தார். அச்சுக்கூடத்தின் மைவாசனை அவருக்குப் பழக்கமானது. ஒரு செய்தியை இடுவதா விடுவதா என்று நள்ளிரவில் ஆசிரியர் அறையில் நிலவும் தயக்கமும் அவர் அறியாததன்று. வழக்கறிஞரின் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தால் பத்திரிகை அலுவலகம் எப்படி இருக்கும் என்பதை மேடைப் பேச்சாளர்களைவிட நிர்வாகிகளே நன்கு அறிவர்.

1950இல் இடைக்கால நாடாளுமன்றத்தில் நுழைந்தார். 1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் பிரதாப்கட் மேற்கு – ரேபரேலி கிழக்குத் தொகுதியிலிருந்தும், 1957இல் ரேபரேலியிலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் சில ஆண்டுகள் அவர் பேசியது மிகக் குறைவு. பிரதமரின் இல்லத்தில் தங்காமல், உறுப்பினர்க்கு ஒதுக்கப்படும் வீட்டில் தனியே வாழத் தலைப்பட்டார். நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் அவர் வழக்கமாக அமரும் இடத்துக்கு ‘பெரோசின் மூலை’ என்றே பெயர் வழங்கிற்று. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்களும் செய்தியாளர்களும் அங்கே கூடினர். ஆட்சிக்கட்சியின் பின்வரிசை உறுப்பினரது நிலை இரங்கத்தக்கது. எதிர்க்கட்சியினர்க்கு எதிர்த்துப் பேசுவது கடமை. அமைச்சர்க்கு விடை கூறுவது கடமை. ஆட்சிக்கட்சியின் பின்வரிசையினர்க்கோ கைதட்டுவதும், மணி அடிக்கும்போது ஓடிவந்து வாக்களிப்பதுமே கடமை என்று கருதப்பட்ட காலம். இன்றும் அக்கருத்து பெரிதும் மாறிவிடவில்லை.

1955ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அந்த அமைதி கலைந்தது. காப்பீட்டுச் சட்டத் திருத்த மசோதா விவாதத்துக்கு வந்திருந்தது. அன்று ஆயுள் காப்பீடு தனியார் கைகளில் இருந்தது. சிறு ஊதியக்காரர்கள் மாதந்தோறும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரிமியத் தொகை நூற்றுக்கணக்கான நிறுவனங்களில் குவிந்தது. அத்தொகை பாலிசிதாரர்களின் அறக்கட்டளைச் சொத்துப்போல் காக்கப்பட வேண்டியது. ஆனால் நிறுவனத்தை நடத்துவோரே வேறு பல தொழில்களுக்கும் உரிமையாளராக இருந்தால், காப்பீட்டுப் பணம் அத்தொழில்களின் கைமாற்றுக் கடனாகவும் பங்குச் சூதாட்டத்தின் முதலாகவும் ஆகிவிடும். இதைப் பொதுப்படையாகக் கண்டிக்கப் பலருக்கும் இயலும். பெரோஸ் காந்தி செய்தது வேறு. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தை எடுத்துக்கொண்டார். அதன் பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயிற்று, எந்தப் பெயரில் மறைந்தது, எந்தக் கணக்கில் மீண்டும் தலைகாட்டியது என்று படிப்படியாக அவைமுன் விரித்துக் காட்டினார்.

அந்த நிறுவனம் பாரத் காப்பீட்டு நிறுவனம். அதன் தலைவர் தொழிலதிபர் இராமகிருஷ்ண டால்மியா. ஏறத்தாழ 2.2 கோடி ரூபாய் அந்நிறுவனத்திலிருந்து முறைகேடாக எடுக்கப்பட்டிருந்தது. பின்னர் நடந்த வழக்கில் டால்மியாவுக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும், 1962இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்ததும் வரலாறு. இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுகூரத்தக்கது. டால்மியா 1946இல் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’வை வெளியிடும் பென்னட் கோல்மன் நிறுவனத்தை விலைக்கு வாங்கியவர். பின்னர் அந்நிறுவனம் அவருடைய மருமகன் சாகு சாந்திபிரசாத் ஜெயினின் பொறுப்பில் வந்தது. அகிலனும் ஜெயகாந்தனும் பெற்ற ஞானபீடப் பரிசுக்கு மூலமான பாரதீய ஞானபீடத்தை 1944இல் நிறுவியவரும் அவரே. தொழில், பத்திரிகை, இலக்கியப் புரவு ஆகிய மூன்றும் அன்றைய இந்தியாவில் எத்துணை நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன என்பதற்கு இது போதிய சான்று. அத்தகைய சூழலில் ஒரு பெருந்தொழிலதிபரின் பெயரைச் சொல்லி அவையில் குற்றம் சாட்டிய உரையை நாளேடுகள் எவ்வளவு தாராளமாக அச்சிடும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1956 சனவரி 19ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்றால் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அதனை வானொலியில் அறிவித்தார். இந்திய, அயல்நாட்டு நிறுவனங்களும் சேமநலச் சங்கங்களுமாக 245 அமைப்புகள் ஒன்றிணைக்கப்பட்டு, அரசு அளித்த 5 கோடி ரூபாய் மூலதனத்துடன், அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. பெரோஸ் காந்தியின் உரை ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகை. காப்பீட்டை நாட்டுடைமையாக்கும் எண்ணம் காங்கிரசுக்குள் முன்னரே இருந்தது. தேஷ்முக்கின் அமைச்சகமும் அதற்கு ஆயத்தமாகி வந்தது. ஆனால் அந்த எண்ணத்தைத் தள்ளிப்போட முடியாதபடி செய்ததில் அவ்வுரைக்குப் பங்கு உண்டு.

இனிக் கூறப்போவதே அவருடைய பணிகளுள் நிலைபேறு உடையது. அரசமைப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, நாடாளுமன்றத்தில் உறுப்பினர் பேசிய எதற்காகவும் அவர்மீது வழக்குத் தொடர இயலாது என்கிறது. அவையின் அதிகாரத்தின்கீழ் வெளியிடப்படும் அறிக்கைக்கும் அப்பாதுகாப்பு உண்டு. ஆனால் நாளேடு ஒன்று தானாக வெளியிடும் செய்திக்கு அப்பிரிவில் இடமில்லை. இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். ஓர் உறுப்பினர் அவையில் எழுந்து, ‘இன்னார் மக்கள் பணத்தைக் கையாடினார்’ என்று சொல்லலாம். அவரை எவரும் தொட முடியாது. அதே சொற்களை எழுத்துப் பிசகாமல் மறுநாள் காலையில் அச்சிட்ட ஆசிரியரை அவதூறு வழக்கில் நீதிமன்றக் கூண்டில் ஏற்றலாம். 1951இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், சட்டமன்ற உரையொன்றை நாளிதழில் வெளியிட்டது தொடர்பான வழக்கில், அத்தகைய வெளியீட்டுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை என்றே தீர்ப்பளித்தது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை நேர்மையாக வெளியிடும் நாளேட்டுக்கு இங்கிலாந்தில் 1868இலேயே நீதிமன்றம் பாதுகாப்பு அளித்திருந்தது. அந்நாட்டு முறையைப் பின்பற்றி அவை நடத்திய இந்தியாவில் அது இல்லை.

அரசமைப்பை வகுத்த பெருமக்கள் இதைக் கவனியாது விட்டது வியப்பன்று. சொல்லும் உரிமையைப் பற்றியே அவர்கள் பெரிதும் சிந்தித்தனர். சொன்னதைச் சுமந்து செல்பவனைப் பற்றிச் சிந்திக்க ஒரு பத்திரிகை நிர்வாகி தேவைப்பட்டார். பெரோஸ் காந்தி 1956இல் தனி உறுப்பினர் மசோதாவாக நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைப் பிற்பகலின் இறுதி இரண்டரை மணி நேரம் தனி உறுப்பினர்களின் அலுவல்களுக்கு ஒதுக்கப்படுவது மரபு. உறுப்பினர் பலர் தத்தம் ஊருக்குப் புறப்பட்டுவிடும் வேளை அது. அவ்வேளையில் தாக்கலாகும் மசோதாக்களுள் பெரும்பாலானவை பிறந்த இடத்திலேயே மறைகின்றன. விடுதலைக்குப்பின் தனி உறுப்பினர் மசோதாக்களாக வந்து சட்டமானவை மொத்தம் 14 மட்டுமே. அவற்றுள் கடைசியானது 1970இல் நிறைவேறியது. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரலில் ஏற்றபோது, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் ஓர் அவை தனி உறுப்பினர் மசோதாவை நிறைவேற்றியது என்று வியந்து பேசப்பட்டது. அதுவும் மக்களவையைக் கடந்து சட்டமாகவில்லை. இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் 1956ஆம் ஆண்டின் அருமை புலப்படும்.

பெரோஸ் காந்தியின் மசோதாவை இரு அவைகளும் ஏற்றன. 1956ஆம் ஆண்டின் 24ஆம் சட்டமாக அது மே 26இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது மக்களவைத் தலைவர், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்ற அனந்தசயனம் ஐயங்கார். சட்டம் மிகச் சிறியது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் நடந்தவற்றைப் பற்றிப் பெரும்பாலும் உண்மையான அறிக்கையை நாளேட்டில் வெளியிட்டதற்காக எவர்மீதும் உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர இயலாது. தீய நோக்கத்தோடு வெளியிடப்பட்டது என்று மெய்ப்பிக்கப்பட்டால் மட்டும் இப்பாதுகாப்பு நீங்கும். வெளியீடு பொது நலத்துக்காக இருத்தல் வேண்டும். வானொலிக்கும் இவ்விதி பொருந்தும். இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு சொல் கூடுதலாக இல்லை. தம் சொல்லை அச்சில் காணக் காத்திருக்கும் கவிஞர்க்கும், அச்சிடத் தயங்கும் பதிப்பாளர்க்கும் இச்சட்டத்தின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். மாநிலச் சட்டமன்றங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. பீகார் சட்டமன்றத்தில் 1957இல் ஓர் உறுப்பினர் பேசி, அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பகுதிகளைப் பாட்னாவின் ‘சர்ச்லைட்’ ஏடு வெளியிட்டது. ஆசிரியர்மீது உரிமை மீறல் நடவடிக்கை எழுந்தது. 1958இல் உச்ச நீதிமன்றம் அவையின் பக்கமே நின்றது. அவை வழக்கு வேறு, அவதூறு வழக்கு வேறு. பெரோஸ் காந்தியின் சட்டம் பத்திரிகையாளனை மூன்றாம் ஆளிடமிருந்து காத்தது, அவையிடமிருந்தே காக்கவில்லை.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அச்சட்டத்துக்குச் சோதனை வந்தது. அதைக் கொணர்ந்தவரும் பெரோஸ் காந்தியே. கல்கத்தாவின் பங்குச் சந்தையில் பெயர்பெற்ற ஹரிதாஸ் முந்த்ரா என்பவர் கடன் சுமையில் தத்தளித்துக்கொண்டிருந்தார். 1957 சூன் திங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அவருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜெசாப், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அவற்றுள் சில. கழகத்துக்கென்று முதலீட்டுக் குழு ஒன்று இருந்தது. அக்குழுவைக் கலந்துகொள்ளாமலே வாணிபம் முடிந்தது. எந்தப் பாலிசிதாரர்களின் பணத்தைத் தனியார் கையிலிருந்து மீட்பதற்காகப் பெரோஸ் காந்தி 1955இல் பேசினாரோ, அதே பணம் அரசின் கழகத்தின் வழியாகவே மற்றொரு தனியாரின் கைக்குப் போயிற்று. அவருடைய சினத்தின் வேர் இதுவே. மாமனாரோடு மருமகனுக்கிருந்த மனக்கசப்பே இந்த விவாதத்துக்குக் காரணம் என்று அன்றே சிலர் பேசினர். இரண்டாண்டுகளுக்கு முந்தைய உரையைப் படித்தவர் எவரும் அவ்வாறு கூறார்.

நாடாளுமன்றத்தில் அதற்கு முன்பே கேள்விகள் எழுந்திருந்தன. பிடிகொடாத விடைகள் வந்திருந்தன. 1957 டிசம்பர் 16ஆம் நாள் விவாதம் நடந்தது. நிதியமைச்சராக இருந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னையின் தொழிலதிபர்; அரசமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்றவர்; தென்சென்னைத் தொகுதியின் உறுப்பினர்; அவ்வாண்டுதான் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்து செல்வர்களின் கோபத்துக்கு ஆளானவர். கூர்மையான நாவுடையவர் என்பது எல்லாரும் அறிந்தது. பெரோஸ் காந்தி தம் உரையைத் தொடங்கும்போதே, தாம் அடித்தால் பலமாக அடிப்பவர் என்றும், அதைவிடப் பலமான அடியை எதிர்பார்ப்பவர் என்றும், எதிர்த்தரப்பில் டி.என்.டி. வெடிமருந்து நிரம்ப இருப்பதை அறிவார் என்றும் கூறினார். டி.டி.கே. என்றே நாடு அழைத்த அமைச்சரின் முன்னிலையில் அந்தச் சிலேடை எவருக்கும் விளங்காமற் போயிருக்காது.

சிலேடை அத்தோடு நின்றது. தம் மனத்துக்குள் எழுந்த கலகமே இவ்விவாதத்தை எழுப்பச் செய்தது என்றும், இத்துணைப் பெரிய காரியங்கள் நிகழும்போது வாளாவிருப்பது குற்றமாகிவிடும் என்றும் சொன்னார். அவையில் பல ஆண்டுகள் வாளாவிருந்தவர் வாயிலிருந்து இச்சொல் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நாடாளுமன்றம் தானே படைத்த மிகப் பெரிய நிதி நிறுவனத்தின்மீது விழிப்போடு கண் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னர் பங்கு விலைகளுக்கு வந்தார். பேரம் நடந்த நாள்களுக்கு முன்பு அந்தப் பங்குகள் விற்ற விலை என்ன, பேரத்துக்குச் சற்று முன் அவ்விலை எப்படி ஏறியது, கழகம் கொடுத்த விலை என்ன என்று நாள்வாரியாக ஒப்பிட்டுக் காட்டினார். அடைமொழியும் ஆவேசமும் செய்ய முடியாததை எண்கள் செய்தன. மேடைத் தமிழின் அலங்காரத்தில் வளர்ந்த செவிகளுக்கு இத்தகைய உரை வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் அவையில் அலங்காரத்துக்கு விடை கூறுவது எளிது. தேதிக்கும் தொகைக்கும் விடை கூறுவது கடினம்.

அமைச்சர் விசாரணைக்கு இசைய வேண்டியதாயிற்று. 1958 சனவரி 17ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சக்லா ஒருநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். விசாரணை பம்பாயில் பலர் அறிய நடந்தது. உள்ளே இடம் போதாமல் வெளியே நின்ற மக்கள் கேட்பதற்காக ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. பிப்ரவரி 10ஆம் நாள் அறிக்கை தரப்பட்டது. இருபத்தைந்து நாளில் முடிந்த விசாரணை! ஆணையங்கள் ஆண்டுக்கணக்கில் நீட்டிப்புப் பெறுவதைக் கண்டு பழகிய தலைமுறைக்கு இது பழங்கதைபோல் தோன்றும். தம் செயலாளர் செய்ததை அறியேன் என்று அமைச்சர் ஒதுங்கிவிட முடியாது, பொறுப்பு அவரையே சாரும் என்று சக்லா வரையறுத்தார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே மாதம் பதவி விலகினார். அவர் தனிப்பட்ட ஆதாயம் அடைந்தார் என்று எவரும் நிறுவவில்லை. இதில் அவருடைய பங்கு மிகச் சிறிது என்றே நேரு கருதினார். நிதித்துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம். பட்டேலின் அரசுப்பணியும் இவ்விவகாரத்தோடு முடிவுக்கு வந்தது. டி.டி.கே. 1962இல் மீண்டும் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963இல் நிதித்துறையை ஏற்றார்.

டிசம்பர் 16ஆம் நாள் உரையும், அடுத்தடுத்த நாள்களின் விவாதமும் நாளேடுகளில் வெளிவந்தன. பெயர்கள் பெயர்களாகவே அச்சாயின. தொகைகள் தொகைகளாகவே அச்சாயின. அவை நடவடிக்கையை வெளியிட்ட எந்த ஆசிரியரும் முந்த்ராவின் வழக்கறிஞருக்கு அஞ்ச வேண்டிய நிலை இல்லை. ஒலிபெருக்கியைச் சுற்றிக் கூடிய பம்பாய் மக்கள், அதற்கு முன்பே நாளேட்டில் படித்துவிட்டு வந்தவர்கள்தாம். அமைச்சர் ஒருவரின் வீழ்ச்சியை மட்டும் எழுதும் வரலாற்றாசிரியர்கள் இந்தத் தொடர்பைக் காணத் தவறுகின்றனர். 1956ஆம் ஆண்டின் சட்டம் இல்லாதிருந்தால் 1957ஆம் ஆண்டின் உரை அவைக்குறிப்பின் தடித்த தொகுதி ஒன்றுக்குள் பெரிதும் அடங்கிப் போயிருக்கக் கூடும்.

தம் சமூகம் பெருமையாகக் கருதிய டாட்டா குழுமத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. டெல்கோ நிறுவனம் இரயில்வேக்கு விற்ற நீராவி என்ஜின்களின் விலை, அதே வகை ஜப்பானிய என்ஜினின் விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று வாதிட்டு, அந்நிறுவனத்தை நாட்டுடைமையாக்கக் கோரினார். பார்சி சமூகத்தில் இது சலசலப்பை உண்டாக்கியது. 1959இல் கேரளத்தில் நம்பூதிரிபாட் அரசைக் கலைத்ததையும் அவர் ஏற்கவில்லை. அப்போது காங்கிரசுத் தலைவராக இருந்தவர் அவருடைய மனைவி. 1960 செப்டம்பர் 8ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைய நான்கு நாள் இருக்கையில், தில்லி வில்லிங்டன் மருத்துவமனையில் மாரடைப்பால் மறைந்தார்.

பெரோஸ் காந்தியின் தொகுதியாக இருந்த ரேபரேலி 1967இல் இந்திரா காந்தியின் தொகுதியாயிற்று. 1971இல் அங்கே அவர் பெற்ற வெற்றி செல்லாது என்று 1975 சூன் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அம்மாத இறுதியில் நெருக்கடி நிலை வந்ததும் யாவரும் அறிந்தவை. சூலை மாதம் கூடிய நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் சிறையில் இருந்தனர். அவைக்கு வந்தவர்களின் உரை தணிக்கையாளரின் கையைக் கடந்தே நாளேட்டுக்குப் போக முடிந்தது. டிசம்பர் 8ஆம் நாள் மூன்று அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. ஒன்று, ஆட்சேபத்துக்குரிய செய்திகளை வெளியிடுவதைத் தடுப்பது. இன்னொன்று, பத்திரிகை மன்றத்தைக் கலைப்பது. மற்றொன்று, நாடாளுமன்ற நடவடிக்கைகள் வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்குவது. 1976 பிப்ரவரியில் இந்நீக்கம் முறையான சட்டமாகவே ஆக்கப்பட்டது. சட்டநூல்களில் மசோதாவைக் கொணர்ந்தவர் பெயர் அச்சிடப்படுவதில்லை. ஆயினும் தாம் நீக்குவது யாருடைய சட்டம் என்பதை அன்றைய பிரதமர் அறியாதிருந்திருக்க முடியாது. தணிக்கை நடைமுறையில் இருக்கும்போதே இச்சட்டத்தையும் நீக்க வேண்டிய தேவை என்ன என்பது சிந்தனைக்குரியது. தணிக்கை தற்காலிகமானது, என்றேனும் விலக்கப்பட வேண்டியது. சட்டத்தை நீக்கிவிட்டாலோ, தணிக்கையாளர் வீடு திரும்பிய பின்னும் ஆசிரியரின் மனத்தில் அச்சம் அமர்ந்திருக்கும். அந்த நுட்பத்தை உணர்ந்தவர்கள்தாம் அதைச் செய்தனர்.

1977 மார்ச்சில் ரேபரேலி மக்கள் இந்திரா காந்தியைத் தோற்கடித்தனர். சனதா ஆட்சி அமைந்ததும் அதே பெயரில், ஏறத்தாழ அதே சொற்களில், 1977ஆம் ஆண்டின் 15ஆம் சட்டமாகப் பெரோஸ் காந்தியின் சட்டம் திரும்பி வந்தது. அந்த அமைச்சரவையில் நிதியமைச்சராக அமர்ந்திருந்தவர், முந்த்ரா விவகாரத்தில் பதவியிழந்த அதே எச்.எம். பட்டேல்! சாதாரணச் சட்டமாக இருந்தால் இன்னொரு நாள் இன்னொரு பெரும்பான்மை அதை நீக்கிவிடக் கூடும் என்பதை அனுபவம் கற்பித்திருந்தது. எனவே 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தின் வழியாக 361-அ என்னும் புதிய பிரிவு அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1956இல் விடுபட்டிருந்த மாநிலச் சட்டமன்றங்களும் இதில் அடங்கின. அவைகளின் மறைவுக் கூட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. சென்னைக் கோட்டையில் நடக்கும் விவாதத்தைத் தமிழ் நாளேடு ஒன்று மறுநாள் வெளியிடுவதற்கு அரசமைப்பின் காவல் கிடைத்தது இவ்வாறுதான்.

நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை 1978இல் வெளிவந்தது. பத்திரிகைத் தணிக்கையைப் பற்றியும் அது பேசுகிறது. 1980இல் ஆட்சி மாறிய பிறகு அதன் படிகள் கிடைப்பது அரிதாயிற்று. நாவலர் நெடுஞ்செழியனின் இளவலும், நெருக்கடி நிலைக் காலத்தில் கும்பகோணத்தின் மக்களவை உறுப்பினராக இருந்தவருமான இரா. செழியன், தம்மிடமிருந்த படியைக் கொண்டு 2010இல் அதை மீண்டும் அச்சேற்றினார்.